எழுத்து மீன்

அன்றைக்கு ரைட்டர் வீட்டுக்கு மீன் வரவில்லை.

வெள்ளோடைக்குப்பத்தில் இது சின்ன விஷயம் இல்லை. இருபத்தாறு வருஷமாக, படகு கரையேறினால் முதலில் இரண்டு கை மீன் கோதண்டம் வீட்டு வாசலில் இருக்கும் அலுமினியத் தவலையில் விழும். ஏலம் அதற்கு அப்புறம்தான். எழுத்து மீன் என்று அதற்குப் பெயர். இன்றைக்கு ஒரு படகு, நாளைக்கு வேறொரு படகு என்று முறை வைத்துப் போடுவார்கள். புயல் நாட்களைத் தவிர அந்தத் தவலை காலியாகக் கிடந்து பவானி பார்த்ததில்லை. கட்டிக்கொண்டு வந்த புதிதில் அவளுக்கே கூச்சமாகத்தான் இருந்தது. கடலுக்கே போகாத புருஷனுக்கு வாசல் தேடி மீன் வருகிறதே என்று.

கோதண்டம் எழுதுகிறவர். அதுதான் அவர் தொழில். பத்தாவது முடித்துவிட்டு அப்பனோடு வலை இழுத்துக்கொண்டிருந்தவர், மின் நிலையம் ஆற்றில் சாம்பல் தண்ணீர் விடுவதைப் பற்றி இருபத்து நாலு வயதில் ஒரு மனு எழுதினார். அதைப் படித்துவிட்டுக் கலெக்டரே நேரில் வந்தார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடந்தார். சாம்பல் நின்றதா என்று கேட்காதீர்கள். கலெக்டர் வந்தார் இல்லையா, அது போதாதா? அன்று சாயங்காலமே கோயில் வாசலில் பஞ்சாயத்து கூடி, இனிமேல் நீ வலை இழுக்க வேண்டாம், எங்களுக்காக எழுது என்று சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து பஞ்சாயத்து நாளில் தலைவர் உட்பட எல்லோரும் மணலில் உட்காருவார்கள். கோதண்டத்துக்கு மட்டும் நாற்காலி. படகு தள்ள ஆள் குறைந்தால் டீ குடிக்க ஒதுங்கிய லாரி டிரைவரைக்கூடக் கூப்பிடுவார்கள், அவரைக் கூப்பிட மாட்டார்கள். "நீ ஒதுங்கு ரைட்டரே, கை கலீஜாயிடப் போவுது" என்பார்கள். கேலி பாதி, மரியாதை பாதி.

இந்தக் குப்பத்தில் மனு எழுதும் முறை வெளியாளுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். முதலில் கையெழுத்து, அப்புறம்தான் எழுத்து. ஆண்கள் விடியற்காலை மூன்று மணிக்குத் தொழிலுக்குப் போய், வெயில் ஏறித் திரும்பி வந்து தூங்குகிறவர்கள். ஆபீஸ் நேரமும் அவர்கள் நேரமும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. அதனால் தொழிலுக்குப் போகாத நாளில் வெள்ளைத் தாளின் கீழ்ப்பாதியில் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி வைத்துக்கொள்வார் கோதண்டம். மேல்பாதி வெறுமையாக இருக்கும். தேவை வரும்போது அதில் எழுதி ஆபீசில் கொண்டுபோய்க் கொடுப்பார். அவர் வீட்டுத் தகரப் பெட்டியில் எப்போதும் பத்துப் பதினைந்து தாள் அப்படிக் கிடக்கும். பெட்டிக்குப் பூட்டுகூடக் கிடையாது. ஊரே தன் கையெழுத்தை அவர் வீட்டில் விட்டுவிட்டுக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

மணி ஒன்பதே முக்கால். மசாலா அரைத்தாயிற்று, புளியும் கரைத்தாயிற்று. பவானி வாசலுக்கு வந்து தவலையை மறுபடி பார்த்தாள். ஒரு ஈ உட்கார்ந்திருந்தது.

"இன்னிக்கு யாரு மொற?" என்று உள்ளே பார்த்துக் கேட்டாள்.

"ரஞ்சித்து போட்டு," என்றார் கோதண்டம் கட்டிலிலிருந்து. "இன்னும் வர்ல போலகீது."

"வந்து ஒரு மணி நேரம் ஆவுது. இஞ்சின் சத்தம் கேட்டுச்சே."

பவானி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கரைக்கு நடந்தாள்.

சித்திரை வெயில் அந்நேரத்துக்கே மணலைக் கொதிக்க வைத்திருந்தது. வடக்கே மின் நிலையத்தின் புகைபோக்கிகளிலிருந்து புகை தெற்காகச் சாய்ந்து வந்துகொண்டிருந்தது. அந்தக் காற்று அடித்தால் காயப்போட்ட துணியை மறுபடி அலச வேண்டும். கரையில் ஏலம் நடந்துகொண்டிருந்தது. பவானி கிட்டே போனதும் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ரஞ்சித் அவளைப் பார்த்துவிட்டு, அணைந்து கிடந்த இஞ்சினுக்குள் தலையைக் கொடுத்து எதையோ திருகினான். நேற்றுவரை "அண்ணி, சங்கரா போடவா, காரப்பொடி போடவா" என்று கேட்ட பையன்.

தண்டையார்பேட்டையிலிருந்து நண்டு எடுக்க வரும் ஜன்னத் மட்டும் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்து ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"இங்க இன்னாத்துக்கு வந்த பவானி?"

"மீனு வர்லக்கா. இன்னான்னு பாக்கலாம்னு வந்தா ஒர்த்தரும் மூஞ்சி குடுக்க மாட்டேங்கறாங்கோ."

"மெய்யாலுமே தெரியாதா உனக்கு? ஆத்து மொகத்துல கல்லு நட்டுகினு கீறாங்கோ. காலைல ஜீப்பு வந்துச்சு. படகு கட்ற மேடு, வலை காயப்போட்ற மணலு, எல்லாத்தையும் வளைச்சி கம்பெனிக்கு மதில் போடப்போறாங்களாம்."

"யாரக் கேட்டு?"

"அதான் பேஜாரே. இவுங்கோ போயி சண்ட வலிச்சாங்கோ. அந்த ஆபீசரு ஒரு பேப்பர எட்துக் காட்டுனான். உங்க ஊருதான் ஆட்சேபண இல்லன்னு எயுதிக் குட்த்துதுன்னு. நாப்பத்தியோரு கையெயுத்து. ஒண்ணுகூட டூப்பு இல்ல. மொத கையெயுத்தே பாஸ்கருது."

பவானி திரும்பித் தன் வீட்டுப் பக்கம் பார்த்தாள்.

"வெள்ளப் பேப்பருல போட்ட கையெயுத்து யார் வூட்ல கீதுன்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும்," என்றாள் ஜன்னத். "நான் வெளியாளு, எனக்கு இன்னா. ஆனா நீ இப்போ இங்க நிக்காத. இந்தா, ரெண்டு நண்டு எட்துகினு போ. கொயம்பு கொதிக்கவுட்டு சும்மாவா எறக்குவ?"

பவானி நண்டை வாங்கவில்லை. வாங்குவதை யாராவது பார்த்துவிட்டால் ஜன்னத்துக்கும் நாளைக்கு நண்டு கிடைக்காது. திரும்பி நடக்கும்போது எதிரே பாஸ்கர் வந்தான். குப்பத்துக்குத் தலைவன், கோதண்டத்தோடு ஒரே பெஞ்சில் படித்தவன்.

"அண்ணே..." என்று ஆரம்பித்தாள்.

"நாலு மணிக்குக் கோயிலாண்ட பஞ்சாயத்து," என்றான் பாஸ்கர். "கோதண்டத்த வரச் சொல்லு."

ரைட்டர் என்று சொல்லவில்லை. கோதண்டம் என்று வெறும் பெயரை அவன் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. வீட்டுக்கு வரும் வழியில் அவளுக்குத் தேசப்பன் ஞாபகம் வந்துவிட்டது. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஊரை எதிர்த்துச் சாட்சி சொன்னான் என்று தேசப்பன் குடும்பத்தை ஒதுக்கி வைத்தார்கள். நெருப்பு இல்லை, தண்ணீர் இல்லை, பேச்சு இல்லை. தேசப்பன் பெண்டாட்டி நெடுஞ்சாலைக் குழாயிலிருந்து குடம் தூக்கி வருவதைப் பவானி ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். நாலாம் மாதம் ஒரு காலையில் அந்த வீடு காலியாக இருந்தது. அந்தத் தீர்மானத்தை ஊர் நோட்டில் அழகான கையெழுத்தில் எழுதியவர் கோதண்டம்தான். எழுதிவிட்டு வந்து நன்றாகச் சாப்பிட்டார்.

வீட்டில் மகள் அம்மு செல்போனைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். காலேஜில் வரலாறு இரண்டாம் வருஷம், பரீட்சை லீவு. முகம் வெளுத்திருந்தது.

"குரூப்ல போட்டுகீறாங்கமா. அந்த லெட்டர."

"படி."

அம்மு படித்தாள். முகத்துவாரத்தை ஒட்டிய புறம்போக்கு நிலத்தில் சுற்றுச்சுவர் அமைப்பதில் எங்கள் கிராமத்தாருக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை என்பதை இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறோம். அவ்வளவுதான். நாலே வரி, கீழே நாற்பத்தியோரு பேர்.

"இல்ல," என்றார் கோதண்டம். எழுந்து நின்றுவிட்டார். "இது இல்ல. ஆத்து மொகத்துல மண்ணு மூடிகிச்சு, தூர் வாரிக் குடுங்கன்னுதான் நான் சொன்னேன். ஒரு பக்கத்துக்குச் சொன்னேன்."

"சொன்னியா?" என்றாள் பவானி. "யாருகிட்ட சொன்ன? நீ எயுதறவனா, சொல்றவனா?"

"தேரடியாண்ட விமல் கடையிலதான இப்போல்லாம் டைப் அடிக்கறது. கையால எயுதனா ஆபீஸ்ல வாங்க மாட்டேங்கறான்."

"சரி, டைப் அட்ச்சான். அந்தக் கம்பெனிக்காரன் அவன்கிட்ட இன்னா சொன்னானோ, மாத்தி அட்ச்சிட்டான். ஆபீஸ்ல கொண்டுபோயிக் குட்த்தது யாரு?"

"நாந்தான்."

"படிச்சிப் பாக்காமயா குட்த்த?"

கோதண்டம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மு மெதுவாக அவர் முன்னால் போய்ப் போனை நீட்டினாள்.

"நைனா, இதுல மொத வரி இன்னா போட்டுகீதுன்னு படி."

அவர் வாங்கினார். தூரப் பிடித்தார், கிட்டே கொண்டுவந்தார், சாய்த்தார். "வெளிச்சம் பத்தலம்மா," என்றார்.

கதவு விரியத் திறந்திருந்தது. சித்திரை மாதத்துப் பதினோரு மணி வெயில் அவர் கால்வரைக்கும் வந்து கிடந்தது.

"எத்தினி நாளா?" என்று அம்மு கேட்டாள்.

"ரெண்டு வருசம். மொதல்ல வலது கண்ணு, அப்பால இதுவும். ஆளு தெரியுது, வழி தெரியுது. எயுத்துதான் தெர்ல. வெள்ளையா பொக மாரி கீது."

"பள்ளிக்கூடத்துல கண்ணு கேம்ப் போட்டாங்களேய்யா!" என்று கத்தினாள் பவானி. "ஒரு நாளு ஆபரேசனு! கெழங்கட்டைங்கல்லாம் போயி பண்ணிகினு வந்துச்சுங்க!"

"அங்க ஊரே லைன்ல நின்னுச்சுடி. நான் போயி அதுல நின்னா? ரைட்டருக்குக் கண்ணு தெர்லன்னு ஆயிட்டா அப்பால நான் யாரு? இந்த வயசுல எவன் என்னைப் போட்டுல ஏத்துவான்?"

பவானி அவரை அடித்தாள். தோளில், முதுகில், கை போன இடத்தில் எல்லாம். அவர் தடுக்கவில்லை. அடித்து ஓய்ந்து தரையில் உட்கார்ந்தபோதுதான் அவளுக்குப் பயம் முழுசாக வந்தது. கோபம் இருந்தவரைக்கும் அது வெளியே நின்றிருந்தது போலிருக்கிறது. அம்மு வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அம்முவுக்கு வேறொன்று உறைத்தது. போன மாதம் ஒரு நாள் எகிப்து பாடம் படித்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தில் ஒரு சிலையின் படம். சம்மணம் போட்டு, மடியில் சுருளை விரித்து வைத்துக்கொண்டு எழுதுகிறவன். "நைனா, இங்க பாரு, உன்னிய மாரியே குந்திகினு கீறான்," என்று புத்தகத்தை நீட்டினாள். கோதண்டம் வாங்கிப் பார்த்துச் சிரித்தார். "ஆமா, மூக்குகூட என்னுதுதான்" என்றார். அப்புறம் விடவில்லை. அங்கே எழுதுகிறவனுக்கு என்ன மரியாதை என்று கேட்டுக்கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"அவுங்களுக்கு வரி கெடையாது நைனா. கல்லு தூக்க வேணாம், வாய்க்கா வெட்ட வேணாம். நூறு பேருல ஒர்த்தரு ரெண்டு பேருக்குத்தான் எயுதத் தெரியும். ராஜா இன்னா சொன்னாருன்னு ஜனத்துக்கு அவுங்க சொல்றதுதான். ஜனம் இன்னா கேக்குதுன்னு ராஜாக்கும் அவுங்க எயுதறதுதான்."

"மீனு குடுப்பாங்களா?"

"ரொட்டி, பீரு, துணி, எல்லாம் தானியக் கெடங்குல இருந்து வரும். அவுங்க பசங்களுக்குச் சொல்லித்தருவாங்களாம், எல்லாத் தொயிலும் கஷ்டம், அதுலயும் மீன் புடிக்கறவன் பொயப்புதான் ரொம்ப மோசம், நல்லாப் படிச்சி எயுதறவனாயிடுன்னு."

"அவன் வாயில மண்ணு வியுவ," என்று அடுப்படியிலிருந்து பவானி சொன்னாள். மூன்று பேரும் அன்றைக்குச் சிரித்தார்கள்.

மூக்குகூட என்னுது என்றாரே. படத்தைப் பார்க்காமலே சொல்லியிருக்கிறார். அம்மு தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தாள். ஆறடிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தவருக்குத் தான் பார்ப்பது தெரியுமா தெரியாதா என்றே அவளுக்குப் புரியவில்லை.

"அம்மு," என்றார் கோதண்டம். "அந்த எகிப்துல எயுதறவன் தப்பு பண்ணா இன்னா பண்ணுவாங்கோ?"

ஜனத்தை ஏமாற்றிய அதிகாரியின் மூக்கை அறுத்து எல்லைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று வகுப்பில் நடத்தியிருந்தார்கள்.

"புக்குல போடல நைனா," என்றாள்.

நாலு மணி வரை அந்த வீட்டில் நேரம் நகரவே இல்லை. பவானி சோற்றை வடித்து மிளகு ரசம் வைத்தாள். யாரும் சாப்பிடவில்லை. தண்ணீர் தீர்ந்துவிட்டதென்று குடத்தோடு பொதுக்குழாய்க்குப் போனாள். வரிசையில் நின்ற நாலு பெண்களும் தங்கள் குடங்களை எடுத்துக்கொண்டு பத்தடி தள்ளிப் போய் நின்றார்கள். பிடித்துக்கொண்டு போ என்று விட்டார்களா, இல்லை இப்போதே ஒதுக்கிவிட்டார்களா என்று தெரியவில்லை. அரைக்குடத்தோடு திரும்பி வந்தாள்.

"காசிமேட்டுல எங்கண்ணன் வூட்டுக்குப் பூட்லாம்," என்றாள். "இப்பியே. துணிய எட்துகினு."

"போனா நான் வித்துட்டேன்னு ஆயிடும்."

"அப்போ இப்டிச் சொல்லு. பொட்டிக்குப் பூட்டு இல்ல. எவனோ வந்து பேப்பர எட்துகினு பூட்டான், எனக்கு ஒண்ணியும் தெரியாதுன்னு சொல்லு. கண்ணு விசயம் மூச்சு வுடாத. சத்தியமா வுடாத."

கோதண்டம் சரி என்றார். அவருடைய பயமும் அதுதானே. ஊர் தன்னைத் திருடன் என்று நினைப்பதைக்கூட அவர் பொறுத்துக்கொள்வார் போலிருந்தது. குருடன் என்று நினைப்பதைத்தான் முடியாது. மனிதர்கள் இப்படியும் இருக்கிறார்கள், என்ன செய்வது.

கோயில் வாசல் மணலில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் பின்னால் நின்றார்கள். நீல நாற்காலி வழக்கமான இடத்தில் இருந்தது. கோதண்டம் பழக்கத்தில் நேராக அதனிடம் போய்விட்டார். உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பாஸ்கர் எழுந்தான். "கோதண்டம், இந்தப் பேப்பரு நீ குட்த்தியா?"

"பொட்டிக்குப் பூட்டு கெடையாது பாஸ்கரு. எவன் வேணா எட்துகினு..."

"போன மாசம் பத்தாந் தேதி. ஆபீஸ் ரிஜிஸ்டர்ல கொண்டாந்து குட்த்தவன் கையெயுத்துன்னு உன்னுது கீது. நான் போயி பாத்துட்டு வந்தேன்."

பின்னாலிருந்து எவனோ "அடிங்கடா அவன" என்றான். ரஞ்சித் எழுந்தான், இன்னும் நாலைந்து பேர் எழுந்தார்கள். பவானி அம்முவின் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். நகம் பதிந்தது. பாஸ்கர் கையைத் தூக்கி எல்லோரையும் உட்காரவைத்தான்.

"உன்னிய நம்பி வெள்ளப் பேப்பருல கைநாட்டு வெச்சாங்க இந்த ஜனம்," என்றான். "எங்கப்பன் சாவறப்போகூட ரைட்டரு கேட்டா போட்டுக் குடுன்னு சொன்னாரு. அதுக்கு மேல இன்னா எயுதிகீற, உன் வாயால படி. ஊரு கேக்கட்டும். படி!"

ஜெராக்ஸ் தாளைக் கையில் திணித்தான்.

கோதண்டம் தாளை இரண்டு கையாலும் பிடித்தார். இருபத்தாறு வருஷமாகப் பிடித்த தூரத்தில், அதே மாதிரி பிடித்தார். தொண்டையைச் செருமினார். படிக்க ஆரம்பித்தார். அவர் படிக்கும் குரல் தனி. பேச்சில் இருக்கும் குப்பம் அதில் இருக்காது.

"ஐயா, பொருள்: முகத்துவாரம் தூர் வாருவது தொடர்பாக. எங்கள் கிராமத்தில் நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள் கடல் தொழிலை மட்டுமே நம்பி வாழ்ந்து வருகின்றன. முகத்துவாரத்தில் மணல் மூடிவிட்டதால் படகுகள் தரை தட்டுகின்றன. சென்ற ஐப்பசி மாதம் இவ்விடத்தில் படகு கவிழ்ந்து எங்கள் கிராமத்தைச் சேர்ந்த ஏழுமலை என்பவர் உயிரிழந்தார். அவருக்கு மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் உள்ளனர்..."

பெண்கள் பக்கத்தில் ஏழுமலையின் பெண்டாட்டி நீலா வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரஞ்சித் எழுந்து வந்து அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். "இன்னா படிக்கற நீ? இதுல அப்டி ஒண்ணுமே இல்லியே!"

"வெளாட்றியா?" என்று பாஸ்கர் பாய்ந்து வந்து தாளைப் பிடுங்கினான். கோதண்டத்தின் கண்ணைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு தாளைத் திருப்பி, ஒன்றுமே இல்லாத வெள்ளைப் பக்கத்தை அவர் பக்கம் வைத்து, கையில் கொடுத்தான்.

"மீதியும் படி."

கோதண்டம் படித்தார். "ஆகவே, தாங்கள் கருணை கூர்ந்து, மழைக்காலத்துக்கு முன் மேற்படி இடத்தைத் தூர் வாரிக் கொடுத்து, எங்கள் உயிரையும் தொழிலையும் காக்குமாறு மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். இப்படிக்கு, கிராமப் பொதுமக்கள்."

வெள்ளைத் தாளை எல்லோரும் பார்த்தார்கள். ஆற்றுப் பக்கம் கம்பெனிக்காரர்கள் இரும்புக் கம்பி அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"எத்தினி நாளா, ரைட்டரே?" என்றான் பாஸ்கர்.

கோதண்டம் நாற்காலியின் முதுகைத் தேடிப் பிடித்தார். "ரெண்டு வருசம்," என்றார். "விமல்கிட்ட சொல்லுவேன். அவன் அடிப்பான். நான் வாங்கிகினு போயிக் குடுத்துடுவேன்."

இப்போது அடிப்பார்கள் என்று பவானி நினைத்தாள். அடித்தால் குறுக்கே விழுவது என்று ஒரு கால் முன்னால் வைத்துவிட்டாள். ஆனால் யாரும் எழுந்திருக்கவில்லை. எழுந்தவள் நீலா மட்டும்தான். அவள் மெதுவாகக் கூட்டத்துக்கு நடுவே நடந்து வந்தாள்.

"ரைட்டரே," என்றாள். "எம் புருசன் செத்ததுக்கு கெவருமெண்டுக்கு ஒரு மனு குட்த்தியே. நான் கைநாட்டு வெச்சேனே. அதுல இன்னா எயுதிகீது?"

கோதண்டம் வாய் திறந்தார். படகு கவிழ்ந்து இறந்தவரின் விதவை என்று சொல்லித்தான் அடிக்கச் சொன்னார். சொன்னது ஞாபகம் இருந்தது. எழுதியிருப்பது என்ன என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"தெர்லம்மா," என்றார்.

அந்த ஒரு வார்த்தை கூட்டம் முழுக்கப் பரவியது. முகம் முகமாக அது போவதைப் பார்க்க முடிந்தது. இரண்டு வருஷம். பட்டாவுக்கு எழுதிக் கொடுத்தவர்கள், பென்ஷனுக்கு, ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, பேரனுக்குச் சாதிச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்தவர்கள். எந்தத் தாளில் தங்கள் பெயரில் என்ன இருக்கிறது? எதற்கெல்லாம் சம்மதம் சொல்லியிருக்கிறோம்? காலையிலிருந்து கோதண்டம் வீட்டுக்குள் மட்டும் உட்கார்ந்திருந்த பயம் இப்போது நூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும் பொதுவாகிவிட்டது.

முதலில் ஓடியது நீலாதான். அவளைப் பார்த்து மற்ற பெண்கள் ஓடினார்கள். பின்னாலேயே ஆண்களும் போனார்கள். கால் மணி நேரத்தில் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். கையில் பிளாஸ்டிக் கவர், துணிக்கடைப் பை, மஞ்சள் பை. உள்ளே ஆபீஸ் முத்திரை போட்ட நகல்கள். இத்தனை நாளும் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருந்தவை. பிரித்துப் பார்க்க யாருக்கும் தோன்றியதே இல்லை. செல்போனில் எல்லாம் படிக்கிற பிள்ளைகள்கூட, மேற்படி, பார்வை, யாதொரு என்று இருக்கும் அந்தத் தாளைத் தொட்டதில்லை. அதுதான் ரைட்டர் இருக்கிறாரே.

"அந்தக் கல்ல நாளைக்கு ஊரோட போயிப் பாத்துக்கலாம்," என்றான் பாஸ்கர். "அம்மு, நீ வா. குந்திப் படி."

நாற்காலியைக் காட்டினான். அம்மு அதில் உட்காரவில்லை. அப்பாவின் காலடியில் மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நீலா தன் கவரை நீட்டிவிட்டு, அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மு முதலில் மனசுக்குள் படித்தாள்.

"சரியாத்தான்கா கீது," என்றாள் கடைசியில். "புருசன் செத்துட்டாரு, ரெண்டு பொண்ணு கீதுன்னு. சரியா கீது."

நீலா அப்படியே மணலில் உட்கார்ந்து அழுதாள். அடுத்தவள் கவரை நீட்டினாள். அதுவும் சரி. மூன்றாவதும் சரி. நான்காவதில் ஊர்ப் பெயர் மாறியிருந்தது. தப்பு அடித்தானா, வேண்டுமென்று அடித்தானா என்று யாரால் சொல்ல முடியும்? மறுபடி எல்லோரும் நெருங்கி வந்தார்கள்.

வெயில் இறங்கிவிட்டது. வரிசை கோயிலைச் சுற்றி வளைந்து கரைவரைக்கும் போயிருந்தது. கோதண்டம் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்று மகள் படிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு வருஷத்தில் தான் எழுதியது என்ன என்று அவருக்கும் இப்போதுதான் தெரிய வருகிறது. ஒவ்வொரு தாளுக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஆட்களின் உருவம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. ஒன்று குறைய இன்னொன்று முன்னால் வந்தது.

"இன்னும் எத்தினி பேரு கீறாங்கோ?" என்று கேட்டார்.

"நெறைய பேரு நைனா."

அவர் கழுத்தை நீட்டி வரிசையின் கோடியைப் பார்த்தார். அங்கே ஒரு உருவம் தனியாக, கடைசியாக, கையில் எதையோ நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றது.

"கடைசில நிக்கறது யாரும்மா?" என்று குரல் கொடுத்தார்.

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"நாந்தாய்யா," என்றாள் பவானி. "நம்ப வூட்டுப் பட்டா மனு."